காரைக்குடியிலிருந்து கடல் தீவுகளுக்கு: பகலில் படகு, இரவில் கரையில் கூடாரம் (முழுமையான வழிகாட்டி)

செட்டிநாட்டில் இருக்கும் நமக்குக் கடல் என்றாலே எங்கோ தூரத்தில் இருப்பதாக ஒரு நினைப்பு. தேவகோட்டையும் திருவாடானையும் தாண்டினால் தொண்டி வந்துவிடும், காரைக்குடியிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர்தான். விடியக்காலை நாலு மணிக்குக் கிளம்பினால், தொண்டிக் கரையில் மீன் கூடை இறங்கும் நேரத்துக்குப் போய் நிற்கலாம். ராமேஸ்வரம் இன்னும் சுலபம். சென்னையிலிருந்து வரும் போட் மெயிலும் சேது எக்ஸ்பிரஸும் காரைக்குடி வழியாகத்தான் போகின்றன. தனுஷ்கோடியில் இறங்கித் தலைமன்னாருக்குக் கப்பல் ஏறிய காலத்தில் போட் மெயில் என்று வந்த பெயர், தனுஷ்கோடிக் கப்பல் நின்று அறுபது வருடம் ஆன பின்பும் மாறவில்லை.

பல வருடமாக நானும் என் சித்தப்பா மகனும் வருடத்துக்கு இரண்டு மூன்று தடவையாவது இந்தக் கரைக்குப் போய் வருகிறோம். ஊரில் யாராவது துணைக்கு வந்தால் குடும்பமாகவும் போவோம். போய்வந்ததைக் கேட்கிறவர்கள் எல்லாரும் அடுத்து ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: “தீவுல டென்ட் அடிச்சுத் தங்கலாமா?” அதற்குப் பதில் சொல்லிவிட்டு மற்றதற்கு வருகிறேன்.

தீவில் இரவு தங்க முடியாது

ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில், மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருக்கின்றன. முயல் தீவு, மனோலி, குருசடை, அப்பா, நல்லதண்ணி, காரைச்சல்லி, வான் தீவு என்று பெயர்களைச் சொல்லும்போதே போய்ப் பார்க்க ஆசை வரும். 1986-இல் இவற்றைக் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். 1989-இல் இந்தக் கடல் பகுதி உயிர்க்கோளக் காப்பகமும் ஆனது. அனுமதி இல்லாமல் கால் வைத்தாலே 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கூடாரம் அடிக்கவும் அடுப்பு மூட்டவும் இராத் தங்கவும் அங்கே இடமே கிடையாது.

கரையில் நின்று விசாரித்தால், “ராத்திரியோட ராத்திரியா கொண்டுபோய் விடுறேன், யாரு பாக்கப்போறா” என்று காதோடு சொல்லும் ஆளும் உண்டு. அந்தப் படகில் தயவுசெய்து ஏறாதீர்கள். பிடிபட்டால் படகும் போகும், அவர் பிழைப்பும் போகும்.

சட்டத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. பவளப்பாறையை வெட்டிச் சுண்ணாம்புக்கு ஏற்றிக்கொண்டு போன காலம் ஒன்று இருந்தது. அலையைத் தடுத்து நின்ற பாறை போனதும் தீவு கரைய ஆரம்பித்தது. அந்த 21-இல் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள்ளேயே போய்விட்டன. தூத்துக்குடிப் பக்கத்து வான் தீவும் தேய்ந்துகொண்டே வந்ததால் செயற்கைப் பாறைகளை இறக்கி அதைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்கள். முட்டை வெண்கருவும் சுண்ணாம்பும் கலந்து கண்ணாடி மாதிரி பூசிய சுவர்களைத் தடவித் தடவி வளர்ந்தவர்கள் நாம். சுண்ணாம்பின் அருமை நமக்குத் தெரியும். அதற்கு ஒரு தீவையே விலையாகக் கொடுப்பது எவ்வளவு பெரிய கொடுமை என்பதும் நமக்குத்தான் முதலில் புரிய வேண்டும்.

அதனால் பகலில் வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து நடத்தும் படகில் தீவுக்கும் அலையாத்திக் காட்டுக்கும் போய் வருகிறோம். இரவுக்கு ஊர்க்காரர்களிடம் கேட்டுக்கொண்டு இக்கரையில் கூடாரம். இதில் எனக்கு ஒரு குறையும் தெரிந்ததில்லை.

எந்தக் கரை என்பதைக் காற்று சொல்லும்

தேதியை முதலில் குறிக்காதீர்கள். காற்றைப் பார்த்துவிட்டுக் குறியுங்கள்.

பாம்பனை நடுவில் வைத்துப் பாருங்கள். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வடக்கை ‘பெண் கடல்’ என்றும் தெற்கை ‘ஆண் கடல்’ என்றும் கரையில் சொல்வார்கள். வடக்கு ஆழம் குறைந்தது, பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். தெற்கே அலை உண்டு. ஆனால் இது வருடம் முழுக்கப் பொருந்தாது. ஐப்பசி முதல் மார்கழி வரை வாடைக்காற்று வீசும்போது வடக்குக் கடல் கலங்கிப்போய்க் கிடக்கும், புயல் பயமும் உண்டு. அந்த மூன்று மாதமும் கூடாரத்தோடு போகும் எண்ணமே வேண்டாம். சித்திரைக் கடைசியில் தெற்கத்திக் காற்று ஏறினால் புரட்டாசி வரை தெற்குக் கடல் கொந்தளிக்கும். குருசடைப் படகு அப்போது எந்த நாளிலும் நின்றுபோகலாம்.

மாசியும் பங்குனியும்தான் பொன்னான மாதங்கள். வாடை ஓய்ந்திருக்கும், தெற்கத்திக் காற்று இன்னும் பிடித்திருக்காது. இரண்டு கடலும் ஒருசேர அமைதியாக இருப்பது அப்போதுதான். பிள்ளைகளோடு முதல் தடவை போகிறவர்கள் தை கடைசியிலிருந்து பங்குனிக்குள் போய்வந்துவிடுங்கள்.

ஆடி மாதத்தில் தொண்டிக்குத் தெற்கே ஒரு கரையில் எங்களுக்கு நேர்ந்ததைச் சொன்னால் காற்றின் குணம் விளங்கும். காலை ஏழு மணி. கடல் குளத்துத் தண்ணீர் போல அசையாமல் கிடந்தது. காற்றடித்து ஊதும் சின்ன ரப்பர் படகு ஒன்று வைத்திருந்தோம். ஏறித் துடுப்புப் போட்டோம். பத்தே நிமிடத்தில் நல்ல தூரம் வந்துவிட்டோம் என்று ஒரே சந்தோஷம். திரும்பினால் கரை கிட்டே வரவே இல்லை. அரைமணி நேரம் இரண்டு பேரும் மாறி மாறித் துடுப்புப் போட்டும் கரைப் பனைமரங்கள் சிறுத்துக்கொண்டே போயின. நண்டு வலை எடுத்துவிட்டு வத்தை என்ற சின்னப் படகில் வந்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டுக் கயிற்றை வீசினார். கரைக்கு இழுத்து வந்து விட்ட பிறகுதான் வாய் திறந்தார்: “இது கரைக்காத்து தம்பி. கடல் சும்மாதான் கெடக்கும். காத்து ஆளக் கூட்டிட்டுப் போயிரும்.”

தொண்டிப் பக்கத்துக் கரை கிழக்கே பார்த்தது. தெற்கும் மேற்குமாக அடிக்கும் காற்று நிலத்திலிருந்து கடலைப் பார்த்துத்தான் வீசும். கரையோரம் அலை எழும்ப இடமில்லாததால் கடல் சாதுவாகத் தெரியும். முதுகுக்குப் பின்னாலிருந்து காற்று வீசும் கரையில் கயாக், ரப்பர் படகு எதிலும் தனியாக இறங்காதீர்கள். தண்ணீரைப் பார்க்காதீர்கள், கரையில் நிற்கும் தென்னை ஓலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள்.

கிளம்பும் முதல் நாள் வானிலை ஆய்வு மையத்தின் மீனவர் எச்சரிக்கையைப் பார்த்துவிடுங்கள். பாம்பனில் புயல் கூண்டு ஏற்றியிருந்தாலோ, மீன்வளத் துறை படகுகளுக்கு டோக்கன் கொடுப்பதை நிறுத்தியிருந்தாலோ பயணத்தைத் தள்ளிவையுங்கள். அந்தக் கடலிலேயே பிறந்து வளர்ந்தவர் படகைக் கரையில் ஏற்றிவைத்திருக்கும் நாளில் நாம் தண்ணீரில் இறங்க வேண்டியதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடை வேறு விஷயம். அது விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடை, சுற்றுலாப் படகை அது கட்டாது.

முதல் பயணம்: காரங்காடு

தீவைப் பார்க்கும் முன் அலையாத்திக் காட்டைப் பாருங்கள். தொண்டியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால், தேவிபட்டினத்துக்கு முன்னாலேயே கடல் பக்கம் திரும்பும் ஊர் காரங்காடு. மாதா கோவிலும் மீனவர் வீடுகளும் உள்ள சின்ன ஊர். ஊர்க்காரர்களும் வனத்துறையும் சேர்ந்து படகு விடுகிறார்கள், கயாக்கும் உண்டு. கட்டணமும் நேரமும் மாறுவதால் முதல் நாளே போனில் கேட்டுக்கொள்ளுங்கள். முன்கூட்டியே சொல்லிவைத்தால் ஊர்ப் பெண்கள் நண்டும் மீனும் சமைத்துத் தருவார்கள்.

போனில் “எத்தனை மணிக்கு வரலாம்?” என்று கேட்காதீர்கள். “நாளைக்கு எப்ப தண்ணி ஏறும்?” என்று கேளுங்கள். தண்ணீர் வற்றியிருந்தால் கால்வாய்க்குள் படகு போகாது, சேறுதான் தெரியும். ஏறும் தண்ணீரில் போனால் மரங்களுக்கு நடுவிலேயே நுழைந்துவிடலாம். இந்த நேரம் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிக்கொண்டே போகும். போன வாரம் போனவர் சொன்ன நேரம் உங்களுக்கு உதவாது.

உள்ளே போனதும் மோட்டாரை நிறுத்தச் சொல்லுங்கள், தாராளமாகக் கேட்கலாம். சத்தம் அடங்கினால்தான் காடு பேசும். சேற்றிலிருந்து பென்சில் நட்டுவைத்த மாதிரி ஆயிரக்கணக்கில் மேல்நோக்கி நிற்பவை வெண்கண்டல் மரத்தின் மூச்சுவேர்கள். சேற்றுக்குள் காற்று கிடையாது, அதனால் வேர் தலையை வெளியே நீட்டி மூச்சு விடுகிறது. ஒரு இலையின் அடிப்பக்கத்தை விரலால் தடவி நாக்கில் வைத்துப் பாருங்கள், நல்ல உப்பு. வேர் வழியாக வந்த உப்பை அந்த மரம் இலை வழியாக வெளியே தள்ளுகிறது. என் மகள் ஏழு வயதில் அதை நக்கிப் பார்த்துவிட்டு, “மரம் அழுகுதாப்பா?” என்று கேட்டாள். அதற்குப் பிறகு போகும்போதெல்லாம் நானும் ஒரு இலையைத் தடவிப் பார்க்காமல் வருவதில்லை.

கார்த்திகை முதல் பங்குனி வரை பறவைகள் நிறைய. உள்ளான், நாரை, கொக்கு வகைகள் சேற்றில் மேயும். பைனாகுலர் இருந்தால் எடுத்துப் போங்கள்.

இந்தக் கடலின் அடியில் கடற்புல் வெளிகள் பரந்து கிடக்கின்றன. அதை மேய்ந்து வாழ்வது கடல்பசு. ஆவுளியா என்பது கரையில் அதற்குப் பெயர். தொண்டிக்கு வடக்கே புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022-இல் கடல்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தார்கள். கண்ணில் படுவது அபூர்வம். படகின் விசிறி பட்டால் அதற்குப் பெரிய காயம் ஆகும் என்பதால் கடற்புல் தெரியும் இடங்களில் படகை மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள்.

அடுத்த பயணம்: குருசடை

பாம்பனிலிருந்து தெற்கே திரும்பினால் குந்துகால். 1897 ஜனவரியில் இலங்கையிலிருந்து வந்த விவேகானந்தர் கரை இறங்கிய இடம், நினைவு மண்டபம் இருக்கிறது. வனத்துறைப் படகு குருசடைத் தீவுக்கு அங்கிருந்துதான் போகிறது. ஆதார் அட்டையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். காலை முதல் படகையே பிடியுங்கள். நேரம் ஏற ஏறக் காற்றும் ஏறும், தண்ணீர் கலங்கினால் அடியில் இருப்பது தெரியாது.

உயிரியல் படித்தவர்கள் குருசடையை மறந்திருக்க மாட்டார்கள். முதுகெலும்பு உள்ளவற்றுக்கும் இல்லாதவற்றுக்கும் இடைப்பட்டது என்று பாடத்தில் படித்த பலனோகிளாசஸ் என்ற புழு வாழும் மணல் இதுதான். அந்தக் காலத்திலிருந்தே கடல் உயிரியல் மாணவர்களைக் கூட்டிவரும் தீவு. எதையும் எடுக்கக் கூடாது என்பதுதான் இங்கே முதல் விதி. செத்த பவளத்துண்டு, சங்கு, சிப்பி எதுவும் பைக்குள் போகக் கூடாது. கடல் அட்டையைத் தொடவே வேண்டாம். 2001-லிருந்து அதுவும் பவளமும் சட்டப் பாதுகாப்பில் இருக்கின்றன, வைத்திருந்தாலே வழக்கு. பிள்ளைகளுக்குப் படகில் ஏறும் முன்பே இதைச் சொல்லிவிடுங்கள். இறங்கும்போது கையிலிருந்து பிடுங்கினால் அழுவார்கள்.

காற்று காரணமாகப் படகு இல்லை என்று சொன்னால் அங்கே நின்று வாதாட வேண்டாம். தேவிபட்டினம் நவபாஷாணக் கோவிலுக்கோ தனுஷ்கோடிக்கோ போய்வரலாம். தனுஷ்கோடியில் மாலையானால் எல்லாரையும் வெளியே அனுப்பிவிடுவார்கள், அங்கே தங்கும் திட்டம் வைக்காதீர்கள்.

படகில் ஏறும்போது

செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுங்கள். காய வைத்திருக்கும் வலையை மிதிக்காமல் சுற்றிப் போங்கள். அவர்களுக்கு அது அரிவாள்மனையைத் தாண்டுவது போல மனசுக்கு ஒப்பாத காரியம்.

லைஃப் ஜாக்கெட் இல்லாத படகில் ஏறாதீர்கள், பெரியவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பிள்ளைகளுக்கு மாட்டிவிட்டுத் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் காதுவரை ஏறினால் அளவு பெரியது. தண்ணீரில் ஜாக்கெட் மிதக்கும், பிள்ளை நழுவிப் போகும். இடுப்புப் பட்டையை இறுக்குங்கள், இல்லாவிட்டால் கால் வழியாக ஒரு துண்டைக் கட்டிவிடுங்கள். நடுவில் தாழ்ந்து உட்காருங்கள். போட்டோவுக்காக எல்லாரும் ஒரே பக்கம் எழுந்திருப்பதுதான் படகில் நடக்கும் பெரிய தவறு. வயிறு புரட்டுகிறவர்கள் பின்பக்கம் உட்கார்ந்து தூரத்துக் கரையையே பார்த்துக்கொண்டிருங்கள். வெறும் வயிற்றோடு போக வேண்டாம். இரண்டு இட்லியும் ஒரு துண்டு இஞ்சியும் போதும்.

இரவு, கரையில்

இடம் பார்ப்பதுதான் இதில் முக்கால்வாசி வேலை. பொழுதோடு, நாலு மணிக்கே போய்விடுங்கள். ஊர்ப் பெரியவர் ஒருவரைப் பார்த்து, “ஐயா, காரைக்குடியில இருந்து வந்திருக்கோம், இன்னைக்கு ராத்திரி இங்க டென்ட் போட்டுக்கலாமா?” என்று கேளுங்கள். எல்லைக் கடல் பக்கத்தில் இருப்பதால் இரவில் கடலோரக் காவல் போலீஸ் ரோந்து வருவார்கள். ஊருக்குத் தெரிந்து தங்கினால் சிக்கல் இல்லை. கரையோரத் தென்னந்தோப்புக்காரரிடம் கேட்டுத் தங்குவது எனக்குப் பிடித்தமான ஏற்பாடு. கிணறும் இருக்கும், கழிப்பறைக்கும் வழி கிடைக்கும். ஆனால் மரத்துக்கு நேர் கீழே வேண்டாம், தேங்காய் விழும்.

கரையில் கடற்புல் ஒதுங்கிக் கறுப்பாக ஒரு கோடு தெரியும். தண்ணீர் அதுவரை வந்து போயிருக்கிறது என்று அர்த்தம். அமாவாசை, பௌர்ணமியில் அதற்கும் மேலே வரும். கோட்டிலிருந்து இன்னும் நன்றாக உள்ளே தள்ளிக் கூடாரம் போடுங்கள்.

கூடாரத்தோடு வரும் கம்பி ஆணி மணலில் நிற்காது. நடுராத்திரி காற்று திரும்பி எங்கள் கூடாரம் எங்கள் மேலேயே படுத்துக்கொண்ட பிறகு கற்றுக்கொண்டது இது. வீட்டிலிருந்து ஆறு காலி அரிசிப் பைகளை எடுத்துப் போங்கள், ஐந்து கிலோப் பை போதும். பையில் முக்கால்வாசி ஈர மணலைக் கொட்டி, வாயைச் சுருட்டிக் கூடாரக் கயிற்றாலேயே இறுக்கக் கட்டுங்கள். முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டிப் பையைப் படுக்கப் போடுங்கள். கயிறு கூடாரத்தைப் பார்த்துச் சாய்வாக வெளியே வரட்டும். மணலை மூடிக் காலால் நன்றாக மிதித்துத் தண்ணீர் தெளியுங்கள். பிறகு கயிற்றைப் பிடித்து உடம்பு பலத்தோடு இழுத்துப் பாருங்கள். அசையாது. வாசலைக் காற்று வரும் திசைக்கு எதிர்ப்பக்கம் வையுங்கள்.

ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமை முட்டையிடக் கரை ஏறும் காலம். வெளிச்சம் கண்டால் மிரண்டு திரும்பிவிடும், குஞ்சுகள் விளக்கைக் கடல் என்று நினைத்து நிலத்தைப் பார்த்து ஊர்ந்துவிடும். கடல் பக்கம் டார்ச் அடிக்காதீர்கள். விளக்கு வேண்டுமென்றால் சிவப்புக் காகிதத்தைச் சுற்றித் தரையைப் பார்த்து வையுங்கள். கண் இருட்டுக்குப் பழகிவிட்டால் அமாவாசை ராத்திரியில் அந்த வானத்தைப் பார்க்க ஆயிரம் கண் வேண்டும்.

விறகு மூட்ட வேண்டாம், சின்ன கேஸ் அடுப்பு போதும். ராத்திரிக்குப் புளியோதரையும் வறுத்த உருளைக்கிழங்கும் வீட்டிலிருந்தே வந்துவிடும். சமையல் காலையில்தான். வீட்டில் மிளகாய், மல்லி, சீரகம், சோம்பு, சின்ன வெங்காயம் வைத்து மசாலாவைக் கெட்டியாக அரைத்து உருட்டி எவர்சில்வர் சம்படத்தில் எடுத்துக்கொள்வோம், புளி தனியாக. விடியும்போது கரையில் இறங்கும் நண்டோ காரலோ வாங்கினால் இருபது நிமிடத்தில் குழம்பு. பாத்திரத்தை மணலால் தேய்த்தாலே போதும், கடலில் சோப்பு வேண்டாம். குடிதண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர் கணக்கு வைத்துக் காரைக்குடியிலேயே ஏற்றிவிடுங்கள். குப்பை அத்தனையும் ஒரு சாக்கில் உங்களோடு திரும்பி வரட்டும்.

அடிபட்டால்

ஆழமில்லாத கடலில் காலைத் தூக்கி வைத்து நடக்காதீர்கள், தேய்த்துத் தேய்த்து நடங்கள். மணலுக்குள் கிடக்கும் திருக்கை அதிர்வு கேட்டு விலகிப்போகும். முள் குத்திவிட்டால் பொறுக்கும் அளவு சூடான தண்ணீரில் காலை அரைமணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை வைத்திருங்கள், வலி இறங்கும். முள் ஆழமாக இருந்தால் நீங்களே பிடுங்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சொறி மீன் பட்டால் கடல் தண்ணீராலேயே கழுவுங்கள். நல்ல தண்ணீர் ஊற்றவோ மணல் போட்டுத் தேய்க்கவோ கூடாது. மூச்சு முட்டினால் ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம்.

கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல்படை எண் 1554, தமிழ்நாடு கடலோரப் பாதுகாப்புக் குழும எண் 1093. இரண்டையும் போனில் மட்டும் வைக்காமல் ஒரு அட்டையில் எழுதிப் படகுப் பையில் போடுங்கள். ராமேஸ்வரம் பக்கம் போன் திடீரென்று இலங்கை டவரைப் பிடிக்கும், ரோமிங்கை அணைத்துவையுங்கள்.

திரும்பி வந்ததும்

களைப்பில் கூடாரத்தைச் சுருட்டிப் பரணில் போட்டுவிடாதீர்கள். உப்பு இருக்கும் துணி ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், ஒரு மாதத்தில் ஜிப் இறுகி, கம்பி துருப்பிடித்து, துணியில் பூஞ்சணம் பூத்துவிடும். அன்றைக்கே ஜிப்பையும் கம்பிகளையும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். கேஸ் அடுப்பின் வாயைத் துடைத்து ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விடுங்கள். லைஃப் ஜாக்கெட் சொந்தமாக இருந்தால் நிழலில்தான் காய வேண்டும், வெயிலில் போட்டால் பட்டை வலு இழக்கும். கூடாரத்தை நாங்கள் வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், இரண்டு தூணுக்கு நடுவே கயிறு கட்டிப் போட்டுவிடுவோம், இரண்டு நாளில் காய்ந்துவிடும். காய்ந்த பிறகு உதறினால் மடிப்புகளிலிருந்து மணல் கொட்டும். மறுநாள் காலையில் அப்பத்தா அதைக் கூட்டி அள்ளித் துளசிமாடத்தில் போட்டுவிட்டு, “அடுத்து எப்பப்பா போறீக?” என்று கேட்பார்.